கிரீடத்தைக் கழற்றாத அரசன்

கிரீடம் முதலில் கீழே விழுந்ததா, கிறிஸ்துராஜா முதலில் முழந்தாளிட்டாரா என்பதை இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். மேடையின் ஓரத்தில், எல்லோரையும்விட அருகில் நின்ற துசியந்திக்கே இரண்டு விதமாகவும் நினைவிருக்கிறது. சில நாள் ஒன்று சரியென்று படும், சில நாள் மற்றது. இதைச் சொல்கிறவரின் நினைவும் அவளுடையதைவிடத் திறமானதல்ல. ஆகவே இரண்டும் நடந்தன என்று மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

துசியந்தி லண்டனில் பிளேஸ்டோ என்ற பகுதியில் இருப்பவள். மூக்குக்கண்ணாடிக் கடையொன்றின் பின்னறையில் வில்லைகளைச் சட்டங்களில் பொருத்துவது அவளுடைய வேலை. அங்கே பேச ஆளில்லை, அது அவளுக்குப் பிடித்திருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு புத்தகத்தை விரித்தால், பக்கத்தைப் புரட்டாமல் அரைமணி நேரம் ஒரே வரியில் இருந்துவிடக்கூடியவள். அமைதி அவளுக்குப் பழகிய வீடு. ஆனால் கடந்த நாலு வருடமாக அவளுடைய வீட்டுக்குள் இருந்தது வேறு ஓர் அமைதி. அது அவள் கூப்பிடாமல் வந்தது.

அவளுடைய தமையன் கிறிஸ்துராஜா பக்கத்துப் பகுதியான மனோர் பார்க்கில் இருந்தார். புருசன் யேசுரட்ணமும் தமையனும் லண்டனுக்கு வந்த புதிதில் ஒரே அறையில் படுத்து, ஒரே பெற்றோல் நிலையத்தில் மாறி மாறி ஷிப்ட் செய்தவர்கள். குளிர்கோட்டு ஒன்றை இருவரும் ஆளுக்கு ஒரு நேரம் போட்ட காலமும் இருந்தது. "இவனைக் கட்டு, பிள்ளை. எனக்குத் தெரிஞ்ச மனுசரிலை இவன்தான் பொய் சொல்லத் தெரியாதவன்" என்று சொல்லி நண்பனை மச்சானாக்கியது கிறிஸ்துராஜாதான். பிறகு அவர் தமிழ்ச் சங்கத்தின் தலைவரானார். அவர்கள் போகிற கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ச் சபைக்கு ஒரு தலைவர் தேவைப்பட்டபோது அந்தக் கதிரையிலும் யேசுரட்ணத்தைக் கொண்டுபோய் இருத்தினார். சங்கமும் தன் கையில், சபையும் தன் மச்சானின் கையில், இனி எல்லாம் சுலபம் என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

அப்போதுதான் கொட்வின் அடித்தான். கோயில் பாடகர் குழுவை நடத்துகிற அந்த மனிதன், சங்கத்தின் விளையாட்டுப் போட்டியில், உதைபந்தாட்டத்தில் கொடுத்த ஓர் ஓவ்சைட் தீர்ப்புக்காக நடுவரின் கன்னத்தில் அறைந்துவிட்டான். எல்லார் முன்னாலும் அறைந்தவன் எல்லார் முன்னாலும் சங்க மேடையில் நின்று மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார் கிறிஸ்துராஜா. யேசுரட்ணம் ஒத்துக்கொள்ளவில்லை. கோயில் ஊழியத்தில் உள்ளவனின் பிழையைக் கோயில்தான் விசாரிக்கும் என்று நின்றார். கோயிலின் பாதர், கொட்வினைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார், கொட்வினும் நடுவரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டான். நடுவர் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். அடித்தவனும் அடி வாங்கியவனும் அதோடு சமாதானம். மற்ற இருவரும்தான் இல்லை.

"நான் இருத்தின கதிரையிலை இருந்துகொண்டு எனக்கே சட்டம் படிப்பிக்கிறான்" என்று கிறிஸ்துராஜா சொன்னதுதான் துசியந்தியின் வீட்டுக்கு அவர் போனில் பேசிய கடைசி வசனம். அதன் பிறகு அவர் தங்கையின் படி ஏறவில்லை. ஞாயிறு தமிழ்ப் பூசையில் பாதர் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்னும் நேரம் வந்தால், காரை நிறுத்திய இடம் சரியா என்று பார்க்க எழுந்து வெளியே போய்விடுவார். எல்லோரும் கை கொடுத்து முடிந்ததும் திரும்பி வருவார். அவருடைய கார் அத்தனை வருடங்களில் ஒரு முறையும் தவறான இடத்தில் நின்றதில்லை.

கோயிலின் பங்குச் சனங்கள் ஒவ்வொரு கோடையிலும் ஒரு கூத்துப் போடுவார்கள். சென்ற வருடம் பாதர், இந்த முறை இங்கிலாந்துப் புனிதர் ஒருவரின் கதையை எடுத்தால் மற்றச் சனங்களும் வந்து பார்ப்பார்களே என்றார். கேன்டர்பரித் தோமையார் என்று முடிவானது. கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் பிலோமினம்மா. மன்னாரில் தகப்பனின் தாளத்தை அவர் கையில் இருந்து வாங்கியவள், இங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கதையைப் படித்துச் சொல்லும் வேலையை அவள் துசியந்தியிடம் விட்டாள்.

துசியந்தி நூலகத்தில் இருந்து புத்தகத்தைக் கொண்டுவந்து பின்னறையில் வாசித்தாள். ஹென்றி என்ற அரசன். அவனோடு ஒன்றாய் வேட்டைக்குப் போன, ஒன்றாய்ச் சிரித்த தோமஸ் என்ற மந்திரி. திருச்சபையும் தன் சொல்லுக்குள் நிற்கட்டும் என்று அந்த நண்பனையே அரசன் பேராயராக்குகிறான். பேராயரானதும் தோமஸ் மாறிவிடுகிறான். குற்றம் செய்த குருமாரை யார் விசாரிப்பது, அரசனின் மன்றமா, திருச்சபையின் மன்றமா? அங்கேதான் இருவரும் முறித்துக்கொள்கிறார்கள். தோமஸ் பிரான்சுக்குத் தப்பியோடி ஆறு வருடம் கிடக்கிறான். பிறகு உடன்பாடு வருகிறது. ஆனால் அரசன் அவனுக்குச் சமாதான முத்தம் மட்டும் கொடுக்க மறுக்கிறான்.

அந்த இடத்தில் அவள் புத்தகத்தை மூடினாள். அன்று மதியம் முழுவதும் அவளால் ஒரு வில்லையைக்கூட நேராகப் பொருத்த முடியவில்லை.

மிச்சத்தை அடுத்த நாள் வாசித்தாள். அரசன் கோபத்தில் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டு நாலு வீரர்கள் கோயிலுக்குள் புகுந்து பேராயரை வெட்டுகிறார்கள். சில வருடங்கள் கழித்து அரசன் வெறுங்காலோடு கேன்டர்பரிக்கு நடந்துபோய், நண்பனின் கல்லறையில் முழந்தாளிட்டு, துறவிகளின் கையால் கசையடி வாங்குகிறான். அவன் முழந்தாளில் நின்றபோது என்ன யோசித்திருப்பான் என்று புத்தகத்தில் இல்லை. கல்லறைக்குள் இருக்கிறவனுக்குச் சொல்லி என்ன பிரயோசனம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது.

பாத்திரம் பிரித்த அன்று பிலோமினம்மா அரசனைக் கிறிஸ்துராஜாவுக்கும் பேராயரை யேசுரட்ணத்துக்கும் கொடுத்தாள். முதலாவது வீரனைக் கொட்வினுக்குக் கொடுத்ததும் பின்னால் யாரோ சிரித்தார்கள். தன்னைக் காப்பாற்றிய ஆளையே வெட்டவேண்டிய வேலை அவனுக்கு.

"நான் குரலைப் பாத்துக் குடுத்தனான், ஆக்களைப் பாக்கேல்லை" என்றாள் பிலோமினம்மா. "ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ, ரெண்டு பேரும்."

இருவரும் பாட்டுக் கொப்பியை வாங்கிக்கொண்டார்கள். மறுத்தால் மற்றவனுக்குப் பயந்ததாகிவிடும் என்று இருவருமே நினைத்திருக்கவேண்டும். கிறிஸ்துராஜாவுக்குக் கூத்து மேடையில் அரசனைத் தவிர வேறு வேடம் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

ஒத்திகைகள் தொடங்கின. துசியந்தி பிற்பாட்டுக்காரருள் ஒருத்தி. மேடையின் ஓரத்தில் நின்று, வேடக்காரர் பாடி விட்ட வரியை எடுத்துத் திருப்பிப் பாடவேண்டும். அங்கே நின்று அவள் ஒன்றைக் கவனித்தாள். அவளுடைய தமையன் பாட்டில் "என் உயிர்த் தோழா" என்று நீட்டி அழைப்பார். புருசன் பாட்டில் "என் மன்னவா" என்று உருகிப் பதில் சொல்வார். தாளம் நின்றதும் ஒருவர் வலப்பக்கக் கதவால் போவார், மற்றவர் இடப்பக்கக் கதவால் போவார். நாலு வருடத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்கிறார்கள், ஆனால் பாட்டில் மட்டும். அவளுக்கு அதுவே போதும் போலவும் இருந்தது, அதுதான் தாங்கமுடியாததாகவும் இருந்தது. இந்தக் கூத்து முடிந்தால் இதுவும் நின்றுவிடும். அண்ணை தன் வீட்டுப் படியை ஏறுவதானால் இந்தக் கோடையில் ஏறவேண்டும், இல்லையென்றால் இனி எப்போதும் இல்லை என்று அவள் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

அவள் கடைசிக் காட்சியை நம்பியிருந்தாள். கொலை முடிந்ததும் பேராயர் வெள்ளைத் துணி மூடி மேடையில் கிடப்பார். அரசன் கிரீடத்தைக் கழற்றி வைத்து, வெறுங்காலோடு முழந்தாளிட்டு, அவர்மேல் புலம்பிப் பாடவேண்டும். கிறிஸ்துராஜா மாட்டேன் என்றார். வெறுங்கால் சரி, கிரீடம் கழலாது, முழந்தாளும் இல்லை. தன்னுடைய தகப்பன் ஊர்க்கூத்தில் எத்தனை அரசனுக்கு ஆடினவர், ஒருநாளும் மேடையில் வெறுந்தலையைக் காட்டியதில்லை, கிரீடத்தோடு ஏறிக் கிரீடத்தோடு இறங்கியவர் என்று நியாயம் சொன்னார். பிலோமினம்மா சரித்திரத்தைச் சொல்லிப் பார்த்தாள், பிறகு திட்டிப் பார்த்தாள். கடைசியில் துசியந்தி போய்க் கேட்டாள்.

"அண்ணை, எனக்காக."

கிறிஸ்துராஜா தன் பாட்டுக் கொப்பியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "ஆரும் எழுதின பாட்டிலை நான் இவனுக்கு முன்னாலை முழந்தாளிலை நிக்கமாட்டன், துசி" என்றார். "அவ்வளவுதான்."

தள்ளி நின்று, கிரீடத்தோடு, இரண்டே இரண்டு வரி பாடுவதென்று ஒப்பேறியது. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது யேசுரட்ணம், "அவன் எப்பவும் அப்பிடித்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் பாட்டுக் கொப்பியைப் பார்த்தார். அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை. கோபமில்லாத அந்தக் குரலை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். புனிதரின் வேடம் கட்டுகிறவர் அன்றைக்கு விரதம் இருப்பார். காலைப் பூசையில் நன்மை என்கிற நற்கருணையை எடுத்தால் அதோடு சரி, கூத்து முடிந்து மங்களம் பாடும்வரை பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. இருபது வயதுக்காரருக்கு அது பெரிய காரியமல்ல. யேசுரட்ணத்துக்கு வயது ஐம்பத்தெட்டு, சலரோகம், காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. விரதம் வேண்டாம் என்று துசியந்தி முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவரும் தலையாட்டினார். அன்று காலை அவர் மேடை வேலைக்கென்று முதலே போய்விட்டார். பின்னால் சாப்பாட்டுப் பெட்டியோடு போனவளிடம், சாப்பிட்டுவிடுகிறேன், வை என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதன் என்றல்லவா பெயர். அவள் நம்பினாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. பங்கின் ஐரிஷ்காரர், போலந்துக்காரர், கேரளக் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தார்கள். யேசுரட்ணம் அன்று பாடியதுபோல் முன்பு ஒருநாளும் பாடியதில்லை. முகம் வெளுத்து, நெற்றி மினுங்கி, கண் எங்கோ தூரத்தில் நிலைத்திருக்க, பார்த்தவர்கள் புனிதரே இறங்கிவிட்டார் என்று கிசுகிசுத்தார்கள். கொட்வின் வாளை ஓங்கியபோது அவர் சரிந்த விதம் ஒத்திகையில் இல்லாத விதமாக இருந்தது. எலும்பே இல்லாத மாதிரிச் சரிந்தார். மண்டபம் கை தட்டியது. வீரர்கள் வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டு ஓடினார்கள்.

அப்போதுதான் துசியந்தியின் கால், மேடை ஓரத் திரைக்குப் பின்னால் இருந்த பையில் தட்டியது. புருசனின் பை. குனிந்து பார்த்தாள். சாப்பாட்டுப் பெட்டி, காலையில் அவள் போட்ட ரப்பர் வளையம் கழலாமல் அப்படியே இருந்தது.

அவள் பாட்டை விட்டுவிட்டு நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள். மற்றவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். தாளம் மாறி, அரசன் வெறுங்காலோடு மேடைக்கு வந்துவிட்டான்.

கிறிஸ்துராஜா சொன்னபடி தள்ளித்தான் நின்றார். முதல் வரியை எடுத்தார். நல்ல கனத்த குரல், மண்டபத்தின் கடைசிவரை போயிற்று. இரண்டாவது வரியின் நடுவில் அவர் குரல் நின்றது.

துணிக்கு வெளியே ஒரு கை கிடந்தது. அதன் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. முகத்தின்மேல் கிடந்த துணி வேர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டியிருந்தது. செத்தவருக்கு வேர்ப்பதில்லை. அதைவிட, கிறிஸ்துராஜாவுக்கும் அதே சலரோக வருத்தம். அந்த நடுக்கத்தை அவர் தன் விரல்களில் கண்டிருக்கிறார்.

மண்டபம் முழுவதும் அமைதி. துசியந்தி தன் வாழ்நாளில் எத்தனையோ அமைதிகளுக்குள் இருந்து பார்த்தவள். இப்படி ஒன்றை அவள் அறிந்ததில்லை. பிறகு கிரீடம் பலகையில் உருண்ட சத்தம். அரசன் முழந்தாளில் கிடந்தார், துணி விலகியிருந்தது.

"மச்சான். டேய், யேசு. இஞ்சை பார்."

அரசனின் சட்டைக் கழுத்தில் செருகியிருந்த சின்ன மைக் அணைக்கப்படவில்லை. எல்லாம் எல்லோருக்கும் கேட்டது.

"என்ன சாப்பிட்டனீ?"

பேராயர் கண்ணைப் பாதி திறந்தார். "விரதம்" என்றார்.

"விரதமோ? ஊசி போட்டனியே?"

"ஓம்."

"விசரா, மூளை இல்லையோ?" என்றான் இங்கிலாந்து அரசன், கேன்டர்பரிப் பேராயரைப் பார்த்து.

அரச அங்கியின் மடிப்புக்குள், கார்த் திறப்புக் கொத்தோடு, அவர் எப்போதும் வைத்திருக்கும் குளுக்கோஸ் குழாய் இருந்தது. பல்லால் கடித்துத் திறந்து, மச்சானின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குள் பிதுக்கினார். விழுங்கு, விழுங்கு என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். இடையில், யாருக்கும் சொல்லாமல் தனக்குத்தானே சொல்வதுபோல ஒன்றையும் சொன்னார்.

"நாலு வருசமா உன்னோடை கதைக்காமல் இருந்தது, இப்பிடித் துணி மூடிக் கிடக்கிறதைப் பாக்கவே?"

துசியந்தி அதற்குள் ஓடிப்போய் மேடையில் மறுபக்கம் முழந்தாளிட்டுவிட்டாள். சாதாரணச் சேலையும் மேலே ஒரு கம்பளிக் காடிகனும். முன்வரிசையில் இருந்த ஐரிஷ் மூதாட்டி ஒருத்தி, அரசி வந்துவிட்டாள் என்று பக்கத்தில் இருந்தவளுக்கு விளக்கம் சொன்னாளாம். தமிழ் தெரியாத சனங்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். தமிழ் தெரிந்தவர்கள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் எழுந்து நின்றார்கள். தாதியாக வேலை செய்கிற றூபினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏறி வந்து, விரலில் குத்திப் பார்த்து, சீனியின் அளவு ஏறத் தொடங்கிவிட்டது, பயமில்லை என்றாள்.

பிலோமினம்மா மட்டும் தாளத்தைக் கீழே வைக்கவில்லை. மெதுவாகத் தட்டிக்கொண்டே, கல்லறையில் நடந்த அற்புதங்களைச் சொல்லும் பாட்டை எடுக்கும்படி பிற்பாட்டுக்காரருக்குக் கண் காட்டினாள். அந்தப் பாட்டுக்குள் யேசுரட்ணம் எழுந்து உட்கார்ந்தார். சனம் ஆர்ப்பரித்தது.

"சரித்திரத்திலை இவர் எழும்பேல்லையே" என்றான் கொட்வின், வாளைப் பிடித்தபடி.

"பேசாமல் பாடு. நீ வெட்டினது போதும்" என்றாள் பிலோமினம்மா.

மங்களம் பாடும்போது அரசனுக்குத் தலையில் ஒன்றும் இருக்கவில்லை. நடுவில் வழுக்கை விழுந்த அந்தத் தலையைப் பங்கில் பலர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

கிறிஸ்துராஜா தன் காரிலேயே அவர்களைக் கொண்டுவந்தார். வாசலில் அவர் ஒரு கணம் நின்றார். துசியந்தி கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பார்த்தால் அவர் திரும்பிப் போய்விடுவார் என்ற பயம். அவள் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். கதவு சாத்துகிற சத்தம். பிறகு சப்பாத்துக் கழற்றுகிற சத்தம். அவள் மூன்று பேருக்குப் புட்டு அவிக்க மாவை எடுத்தாள்.

முகத்தில் அரிதாரத்தோடு அவர் மேசையில் வந்து இருந்தார். புட்டும் மீன் குழம்பும். யேசுரட்ணம் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்ட பிறகு சொன்னார், கொட்வின் அடித்தது பிழைதான், ஆனால் விசாரிக்கவேண்டியது கோயில்தான் என்று.

"தொடங்கிட்டான்" என்றார் கிறிஸ்துராஜா, தங்கையைப் பார்த்து. "செத்துப் பிழைச்சும் இவன் திருந்தேல்லை. அடிச்சது ஆரின்ரை மைதானத்திலை? சங்கத்தின்ரை மைதானம்."

"அடிச்ச கை கோயில் கை."

"அப்ப கன்னம் ஆரின்ரை?"

இருவரும் குரலை உயர்த்தினார்கள். துசியந்தி மூன்று கோப்பைகளில் சீனி போடாத தேத்தண்ணியை ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதிரையை இழுத்து நடுவில் இருந்தாள். அந்த இரைச்சலுக்கு நடுவில் அவளுடைய அமைதி அவளிடமே திரும்பி வந்திருந்தது. வழக்கு அன்றைக்கும் முடியவில்லை.

பிறகு நடந்தவை இவ்வளவுதான். யேசுரட்ணத்துக்கு வைத்தியர் ஊசியின் அளவை மாற்றிக் கொடுத்தார், விரதம் இருக்கக்கூடாது என்று பாதரும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டார். அவர் இன்னும் சபையின் தலைவர். கிறிஸ்துராஜா இன்னும் சங்கத்தின் தலைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் பிளேஸ்டோவில் சாப்பிடுகிறார். கொட்வின் பாடகர் குழுவை நடத்துகிறான், நடுவருடைய மகளின் கலியாணத்துக்கும் அவன்தான் பாடினான். பிலோமினம்மா அடுத்த கோடைக்கு வேறு புனிதரைத் தேடிக்கொண்டிருக்கிறாள், சாப்பாட்டைத் தவறவிடாத ஒருவராகப் பார்த்து. உருண்ட கிரீடத்தின் ஒரு பக்கம் நெளிந்துபோனது, அதை யாரும் நிமிர்த்தவில்லை. துசியந்தி நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் கிறிஸ்துராஜா இப்போது வெளியே போவதில்லை.